சுவரிடம் கற்ற டென்னிஸ்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் நலம். யாவரும் என்றால் இப்போதைக்கு நான் ஒருவன்தான். அதிலும் வலது முழங்கையைச் சேர்க்கவில்லை. அவ்விடத்தில் நீங்கள், உங்கள் மனைவி, குழந்தைகள், உங்கள் அக்கா ஆகிய அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரிசையில் கடைசியாக எழுதிய நபரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

புது வீட்டில் சாமான் அடுக்கக் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறேன், பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு உங்கள் அக்கா பஸ் ஏறி இன்றோடு முப்பத்தேழு நாள் ஆகிறது. உங்கள் வீட்டில் மொத்தம் மூன்று அறைகள். உங்கள் அக்காவின் வேகம் எனக்குத் தெரியும். பத்து நாள் கொடுத்தால் ஒரு நூலகத்தையே தூசி தட்டி, அடுக்கி, பட்டியலும் போட்டுக் கொடுத்துவிடுவாள். ஆகவே சாமான் காரணமில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். தொலைபேசியில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தாயிற்று. நீங்கள் எடுக்கிறீர்கள், "எல்லாரும் நல்லா இருக்கோம் அத்தான், இதோ அக்காகிட்டயே தர்றேன்" என்கிறீர்கள், சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிற அவசரத்தில் போனைக் கைமாற்றுகிறீர்கள். அவள் வாங்கி, "சாப்பிட்டீங்களா? பால் பொங்கிடப் போகுது, பக்கத்துலயே நில்லுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். உங்களிடம் தனியாக நிலவரம் கேட்க எனக்குத் தபாலை விட்டால் வேறு வழியில்லை. அவள் கோபமாக இருக்கிறாளா, இருந்தால் எந்த அளவில், திரும்பி வரும் உத்தேசம் உண்டா இல்லையா என்ற மூன்று விஷயங்களை மட்டும் தெரிவித்தால் போதும். என் தரப்பில் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் கீழே எழுதுகிறேன். படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடவும். அவள் கண்ணில் பட வேண்டாம்.

நான் முப்பத்து நான்கு வருடம் பாட்டில் மூடித் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெண் கொடுக்கும்போது, "மாப்பிள்ளை மூடி பாக்கறாராம்" என்று சிரித்தார்களாம். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நூறு மூடியில் இரண்டுக்கு மேல் கழிவு போனால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் விதி. ஓய்வு பெற்ற பிறகு நிறுத்துவதற்கு என்னிடம் இயந்திரம் எதுவும் இல்லை. இந்த நிலையில்தான் ஆறு மாதத்துக்கு முன்பு மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இரண்டு பேரும் ஏதாவது விளையாடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் என்னைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள் என்றார். அவரை அடிக்கடி பார்க்கும் விருப்பம் எங்களுக்கு இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மைதானத்தில் டென்னிஸ் சொல்லித் தருகிறார்கள், இரண்டு பேராக விளையாடலாம் என்று உங்கள் அக்காதான் கண்டுபிடித்தாள். இரண்டு மட்டை வாங்கினோம். அவளுக்கு வெள்ளைக் காலணி, எனக்கும் வெள்ளைக் காலணி.

முதல் நாள் உங்கள் அக்கா அடித்த பந்து வலையைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, கம்பி வேலியையும் தாண்டித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது பந்தும் அதே தொட்டிக்குப் போனது. இன்னும் பலமாகச் சிரித்தாள். நான் பதினான்கு பந்து அடித்தேன், பதினொன்று வலையில். மனக்கணக்காக எழுபத்தெட்டரைச் சதவீதம் கழிவு. இந்தக் கழிவை வைத்துக்கொண்டு ஒருவர் சிரிக்க முடியும் என்பதே எனக்கு விளங்கவில்லை. அந்த இடத்திலேயே மட்டையை உறையில் போட்டுவிட்டு, கழிவு இரண்டு சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் இனி நான் கோர்ட்டில் கால் வைக்கப் போவதில்லை என்று அறிவித்தேன். "விளையாடத்தானேங்க வந்தோம்?" என்றாள் உங்கள் அக்கா. "மொதல்ல அடி சரியாகட்டும், அப்புறம் விளையாடலாம்" என்றேன். அப்போது அது நியாயமாகப் பட்டது.

மைதானத்துப் பயிற்சியாளர் ஓர் இளம்பெண். கழுத்தில் விசில் தொங்கும். ஊதி நான் பார்த்ததில்லை, பேசுவதே அந்தச் சத்தத்தில்தான் இருக்கும். அவரிடம் யோசனை கேட்டேன். "ஒரே அடியை ஆயிரம் தடவை அடிங்க சார். கை தானா கத்துக்கும். மூளையைக் கேக்காதீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் அச்சு இயந்திரம் மூளையைக் கேட்காமல் நாளைக்கு அறுபதாயிரம் தடவை ஒரே மாதிரி கீழே இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே தலை நரைத்தவன் நான். எனக்கென்றே செய்த விளையாட்டு என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் பந்தில்லாமல் வீசச் சொன்னார். அலமாரிக் கண்ணாடி முன் நின்று, தோளைத் திருப்பி, மட்டையைத் தாழ்த்தி, கீழிருந்து மேலாக வீசி, இடது தோளுக்கு மேல் கொண்டுபோய் முடிப்பேன். காலையில் முந்நூறு, மாலையில் முந்நூறு. நான்காம் நாள் சுவர்க் கடிகாரம் விழுந்தது. அது ஆறு நாற்பதில் நின்றுவிட்டது. இன்னும் அங்கேயே நிற்கிறது. இரண்டாம் வாரம் கை உண்மையிலேயே கற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அது கற்கவில்லை. முடிதிருத்துபவர், "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க சார்" என்று சொன்னதுதான் தாமதம், தோள் திரும்பி, கை தாழ்ந்து, மேலே எழும்பி, அவருடைய சீப்பும் தண்ணீர் பாட்டிலும் பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் போய் விழுந்தன. மளிகைக்கடைக்காரர் வழக்கம்போல உள்ளிருந்து ஒரு சோப்புக் கட்டியைத் தூக்கிப் போட்டார். என் கையில் சுருட்டிய செய்தித்தாள் இருந்தது. அடித்தேன். சோப்பு நேராக அவர் கைக்கே திரும்பிப் போனது. அவர் கொஞ்ச நேரம் சோப்பைப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடி அவர் கைக்கே போனது. பன்னிரண்டு தடவை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. சோப்பு வாங்காமலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இதை உங்கள் அக்கா அன்று ரசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கப்புறம்தான் சுவர். எங்கள் வீட்டின் பக்கவாட்டுச் சுவர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் மறுபக்கம் சமையலறை. சாக்பீஸால் ஒரு தட்டு அளவுக்கு வட்டம் போட்டுக்கொண்டு, காலையில் இருநூறு, மாலையில் இருநூறு என்று ஃபோர்ஹேண்ட் எனப்படும் வலப்பக்க அடியை மட்டும் அடித்தேன். பந்து வட்டத்தில் படும், திரும்பித் துள்ளி என் வலது இடுப்பு உயரத்துக்கு வரும், மறுபடி அடிப்பேன். வட்டத்துக்கு வெளியே பட்டால் கழிவு. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அலமாரியில் பாத்திர மூடிகள் கிணுகிணுக்கும். தொழில் புத்தி, எந்த மூடி சரியாக உட்காரவில்லை என்று வெளியில் இருந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும்; அடித்துக்கொண்டே, "மூணாவது தட்டுல ரெண்டாவது மூடி!" என்று குரல் கொடுப்பேன். உங்கள் அக்கா பதில் சொல்ல மாட்டாள். ஆனால் தேநீர்க் கோப்பையை இரண்டு அடிக்கு நடுவில் எடுத்து, இரண்டு அடிக்கு நடுவில் வைக்க அவள் பழகிக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஆரம்பத்தில் அவள் தினமும் காலையில் வெள்ளைக் காலணியைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் கையுமாகச் சுவர்ப் பக்கம் வந்து நிற்பாள். "இன்னிக்காவது வர்றீங்களா?" என்பாள். "இன்னும் முப்பத்தோரு சதவீதம் இருக்கு" என்பேன். அடுத்த மாதம், "பதினாலு சதவீதம்" என்றேன். அவள் தனியாகப் போய், யார் அகப்பட்டார்களோ அவர்களோடு ஆடிவிட்டு வருவாள். பிறகு என்னைக் கேட்பதை விட்டுவிட்டாள். பிறகு போவதையும் விட்டுவிட்டாள். காலணி செருப்பு அலமாரியில் ஏறியது. அதற்குப் பதிலாகச் சமையலறை ஜன்னலில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். யாராவது பார்த்தால் எனக்குக் கை தப்பும். தொழிற்சாலையிலும் அப்படித்தான், மேலதிகாரி வந்து நின்றால் நல்ல மூடியையும் கழிவில் போட்டுவிடுவேன். ஒருநாள் நூற்று எண்பத்திரண்டாவது அடி தவறியது. "நீ பாக்கறதாலதான் தப்புது. இது சரியாகற வரைக்கும் என்னைப் பாக்காதே" என்று சொன்னேன். ஜன்னல் சாத்தப்பட்டது. அதன் பிறகு கழிவு நன்றாகக் குறைந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பக்கத்து வீட்டில் பல் மருத்துவர் தொழில் நடத்துகிறார். அவருடைய நாற்காலிக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஒரு சந்துதான். முதலில் அவர் கையுறையோடு வெளியில் வந்து, "சார், நீங்க ஒவ்வொரு தடவை அடிக்கறப்பவும் என் பேஷண்ட் வாயை மூடறார். என் விரல் உள்ளே இருக்கு சார்" என்றார். மன்னிப்புக் கேட்டு நிறுத்தினேன். மறுநாள் மறுபடி வந்தார். நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். "இல்லை சார், அடிங்க. அடிச்சா அவங்க எண்ண ஆரம்பிச்சிடறாங்க. எண்ணிக்கிட்டே இருந்தா வலி தெரியலையாம். ஆனா பாதியில நிறுத்தாதீங்க" என்றார். கடினமான பல் இருந்த மூன்று நாட்களில் என்னை மத்தியானமும் வந்து அடிக்கச் சொன்னார். நான் ஒருமுறை பாதி எண்ணிக்கையில் நிறுத்தியபோது ஒருவர் கத்திய சத்தம் எனக்கே கேட்டது. ஆக, அக்கம்பக்கத்தில் என் பயிற்சிக்கு ஆதரவு இருந்தது. எதிர்ப்பு வீட்டுக்குள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் மாலை கணக்கை முடித்து உள்ளே வந்தால் உங்கள் அக்கா பையைக் கட்டி வைத்திருந்தாள். "தம்பி புது வீட்டுக்கு மாறியிருக்கான், சாமான் அடுக்க ஆள் வேணும்" என்றாள். நான் பஸ் நிலையம் வரைக்கும் பை தூக்கிக்கொண்டு போனேன். பஸ் புறப்படும்போது, "இப்ப எத்தனை சதவீதம்?" என்று கேட்டாள். "மூணே முக்கால்" என்றேன். தலையை ஆட்டினாள்.

சத்தம் தாங்காமல்தான் போனாள் என்று எனக்கு இரண்டு நாளில் புரிந்துவிட்டது. புரிந்தும் நான் நிறுத்தவில்லை. இதை உங்களிடம் மறைக்க முடியாது. அவள் போன பதினோராம் நாள் நானூறு அடியில் ஏழு மட்டும் தவறியது. ஒன்றே முக்கால் சதவீதம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பல் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர், "வாயைத் திறங்க" என்றார். அன்று மாலை உங்கள் அக்காவிடம் போனில் சொல்லத்தான் நினைத்தேன். அவள் பாலைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். தவிர, ஒரு நாள் விளைவை வைத்து அறிக்கை கொடுப்பது எங்கள் துறையில் வழக்கமில்லை. இன்னும் பதினேழு நாள் அடித்து உறுதி செய்துகொண்டேன். அந்தப் பதினேழாம் நாள் வட்டத்துக்குள் இருந்த சுவர்ப்பூச்சு முழுதாகப் பெயர்ந்து விழுந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வெளி ஓரத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, "சுத்தி ஒரு கீறல்கூட இல்லையே, ஒரே எடத்துல எப்படி சார்?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் மிகச் சிலரே என்னை அந்த முகத்தோடு பார்த்திருக்கிறார்கள். உடனே போய், வரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடக்கவிருந்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

எனக்கு எதிராக ஆடியவர் கடைத்தெருத் தையல்காரர். அந்த மைதானத்தில் அவருக்கு நிலைக்கதவு என்று பெயர். அகலமும் அப்படி, அசைவும் அப்படி. பந்தைத் தேடி அவர் ஓரடிக்கு மேல் எடுத்து வைத்ததை யாரும் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவரிடம் நான் ஆறுக்குப் பூஜ்யம், ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றேன். வலையில் ஒரு பந்துகூடப் போகவில்லை, கோட்டுக்கு வெளியிலும் ஒன்றுகூடப் போகவில்லை, என் கைக்கு எட்டிய பந்து ஒவ்வொன்றும் அழகாகப் பறந்து, அழகாகத் துள்ளி, நிலைக்கதவின் வலது இடுப்பு உயரத்துக்குப் போய் நின்றது. அவர் இடதுபக்கம் நின்றாலும் சரி, நடுவில் நின்றாலும் சரி, என் கை அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவர் சாவகாசமாக அதை ஓரத்தில் தட்டிவிடுவார். நான் நின்ற இடத்திலேயே நின்று, அது போவதைப் பார்ப்பேன், ஏனென்றால் என் சுவர் எனக்கு ஓரத்தில் பந்து கொடுத்ததே இல்லை. முடிவில் தையல்காரர் வலைக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷமா ஆடறேன் சார். இவ்வளவு மரியாதையா எனக்கு யாருமே பந்து போட்டதில்லை" என்றார். அவர் கேலி செய்யவில்லை, கண் லேசாகக் கலங்கியிருந்தது.

பயிற்சியாளரிடம் இதற்கு விளக்கம் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், நீங்க எங்கே பழகினீங்க?"

"வீட்டுச் சுவர்ல."

"எத்தனை?"

"நாற்பத்தோராயிரத்து அறுநூறு."

"ஆயிரம்னு சொன்னா ஆயிரத்தோட வந்து என்கிட்ட காட்டணும் சார். சுவர்ல அடிக்கறப்ப பந்து திரும்பி வரணும்னு அடிப்பீங்க. கோர்ட்ல திரும்பி வரக் கூடாதுன்னு அடிக்கணும். நீங்க நாப்பதாயிரம் தடவை எதிராளிக்கு வசதி பண்ணிக் குடுக்கப் பழகியிருக்கீங்க. காலும் நகரலை" என்றார். இதை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "இன்னொரு நாப்பதாயிரம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, புதிதாகக் கற்க வருகிறவர்களுக்குப் பந்து போட ஓர் இயந்திரம் கேட்டு எழுதியிருப்பதாகவும், அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை என்றும், அதுவரை நான் தினமும் காலையில் வந்து நிற்க முடியுமா என்றும் கேட்டார்.

மைத்துனரே, அச்சு கோணலாக இருந்தால் இயந்திரம் நாளைக்கு அறுபதாயிரம் கோணல் மூடிகளைத் தரும், ஒன்றுகூடப் பிசகாமல் தரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை முப்பத்து நான்கு வருடம் வைத்திருந்தார்கள். காலையில் முதல் மூடி விழுந்ததும் எடுத்து ஒரு பாட்டிலில் பொருத்திப் பார்ப்போம். பொருந்தினால்தான் மேற்கொண்டு ஓட்டுவோம். எழுநூறாவது அடியிலோ, ஆயிரமாவது அடியிலோ நான் கோர்ட்டுக்குப் போய் உங்கள் அக்காவோடு பத்து நிமிஷம் ஆடிப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அவள் தினமும் பாட்டிலும் கையுமாக வந்து கேட்டாள். நான் சதவீதம் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். போட்டி நடந்து ஐந்து நாள் ஆகிறது. சுவரில் ஓர் அடி அடிக்கவில்லை. மட்டையை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். பரணுக்கு ஏறப் பயன்படுத்திய ஏணியையும் பல் மருத்துவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மனம் மாறினாலும் கைக்கு எட்டக் கூடாது என்பதற்காக. கொத்தனார் சுவரைப் பூசிவிட்டார். இந்த ஜென்மத்தில் இனி டென்னிஸ் இல்லை. வீடு இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறது. பாத்திர மூடிகள் எதுவும் பேசுவதில்லை. நேற்று ஒரு மூடியை நானே தட்டிப் பார்த்தேன். உங்கள் அக்கா இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை. இரண்டு தேநீர் போட்டுவிட்டு ஒன்றைத் திரும்பவும் சுடவைத்து நானே குடிக்கிறேன். நீங்கள் பக்குவமாகப் பேச்சை எடுத்து, சத்தம் நின்றுவிட்டது, இனி எப்போதும் வராது என்று அவள் காதில் போட்டு, அனுப்பி வைக்கவும். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். நீங்களாகவே கேள்விப்பட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கங்கள். அவர் இத்தனை நாள் என் பொருட்டுப் பொறுத்துக்கொண்ட அனைத்துக்கும் நன்றி. குழந்தைகள் தீர்க்காயுசாக, நல்ல பற்களோடு வாழ என் ஆசீர்வாதம். இரவில் பல் தேய்க்கச் சொல்லவும், பக்கத்து வீட்டிலிருந்து நான் கேட்ட சத்தங்களை அவர்கள் எழுப்ப நேரக் கூடாது. புது வீடு உங்களுக்கு எல்லா நலத்தையும் தரட்டும். பக்கவாட்டுச் சுவரில் யாரையும் எதையும் அடிக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டு உறை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. உங்கள் அக்கா. உங்கள் வீட்டில் அடுக்க இனி ஒன்றும் பாக்கியில்லையாம். அடுக்கியதையே மூன்று தடவை கலைத்து அடுக்கினாளாம். நான்காவது தடவை ஆரம்பித்தபோது உங்கள் மனைவியே பையை எடுத்துக் கையில் கொடுத்தாராம். அவருக்கு நான் மேலே சொன்ன நன்றியை இரண்டு மடங்காக்கிக்கொள்ளவும்.

நான் பையை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் அவள் மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டாள். படித்தவுடன் கிழித்துப் போட வேண்டும் என்று எழுதிய இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சத்தத்துக்கு யாரு போனா? முப்பது வருஷம் உங்க குறட்டையைக் கேட்டுக்கிட்டு இருந்தவ, பந்துச் சத்தத்துக்கா போவேன்?"

"பின்னே எதுக்குப் போனே?"

"நீங்கதானே சொன்னீங்க, சரியாகற வரைக்கும் பாக்காதேன்னு. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினாலும் சத்தம் வருது. சத்தம் வந்தா பாக்கணும்னு இருக்கு. அதான் தம்பி வீட்டுக்குப் போயிட்டேன். சரியானா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். தினமும் போன் பண்ணி, பால் பொங்கலைன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தீங்க."

பால் பேச்சை எடுத்தது அவள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் கடிதத்தின் இன்னோர் இடத்தில் விரலை வைத்துவிட்டாள். "இதுவும் தப்பு. நாப்பத்தோராயிரத்து அறுநூறுன்னு எழுதியிருக்கீங்க. பல் டாக்டர் கேட்டாருன்னு மூணு நாள் மத்தியானமும் அடிச்சீங்களே, அதைச் சேர்க்கலை."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"அடுப்படியில நின்னுக்கிட்டு வேற என்ன பண்ணறது? எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் செருப்பு அலமாரியைத் திறந்து வெள்ளைக் காலணியை எடுத்தாள், தூசியைத் தட்டினாள், "மட்டையை எறக்குங்க" என்றாள். ஏணி கேட்கப் பல் மருத்துவர் வீட்டுக்குப் போனேன். "மறுபடி ஆரம்பிக்கறீங்களா சார்? நாளைக்கு எனக்கு ரெண்டு கடைவாய்ப்பல் இருக்கு" என்று ஆவலாகக் கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கோர்ட்டில் நின்றோம். அவள் அடித்த முதல் ஒன்பது பந்துகளில் ஒன்பதும் எனக்கு எட்டவில்லை; அவள் எங்கே அடிக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாதபோது நான் எங்கே போய் நிற்பது? நூற்றுக்கு நூறு கழிவு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பத்தாவது பந்துக்கு நான் ஓடினேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஓடினேன், எட்டியது, அடித்தேன், அது நேராகப் போய் அவள் வலது இடுப்பு உயரத்தில், அவள் மட்டைக்கு முன்னால் வந்து நின்றது. அவளுக்கு ஆச்சரியம். அடித்தாள். மறுபடி ஓடினேன். மறுபடி அவள் கைக்கே போனது. அவள் வேலிப் பக்கம் அடித்தாலும், வலைப் பக்கம் தட்டிவிட்டாலும், நான் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், கை மற்றதைப் பார்த்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பந்துகூடப் போகவில்லை. பயிற்சியாளர் வேலி ஓரத்தில் வந்து நின்றார். நான் சத்தமாக எண்ணிக்கொண்டே அடித்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

"எண்ணாதீங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் அக்கா கத்தினாள். "என்னைப் பாருங்க!"

பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனை என்று என்னிடம் கணக்கில்லை.